அவள் பெயரில் வந்த அறிக்கை

துறைமுகத்தில் அவளுக்கு ‘வெடி’ என்று பட்டப்பெயர். நேரில் சொல்ல யாருக்கும் துணிவில்லை. திட்டப் பிரிவில் மூத்த ஆய்வாளர் அவள். எந்தச் சரக்கு வருகிறது, யார் அனுப்புகிறார்கள், நாளைக்கும் அனுப்புவார்களா என்று அலசி நிர்வாகத்துக்குச் சொல்வது வேலை. மென்று விழுங்காமல் சொல்லிவிடுவாள். பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

தம்பியும் அங்கேதான் இருந்தான். பெல்ட்டில் வரும் இரும்புத் தாதைக் கப்பலின் வயிற்றுக்குள் கொட்டும் இயந்திரத்தை இயக்குபவன். பெற்றோர் போன பிறகு மாடியில் அவள், கீழ்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும். காலையில் துடைத்த சன்னலில் மதியத்துக்குள் செம்புழுதி படிந்துவிடும். “ஓனருக்குத் தெரியாம நம்ம வீடும் சரக்கு ஏத்திக்குது” என்பான் தம்பி. அலுவலக விஷயத்தைப் பற்றி மட்டும் அவள் வீட்டில் வாய் திறக்கமாட்டாள். அவனும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு நிர்வாகத்துக்கு இன்னொரு ஏற்றும் இயந்திரம் வாங்கும் ஆசை வந்தது. அது சரிவருமா என்று பார்க்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. பார்த்தாள். துறைமுகத்தின் சரக்கு முக்கால்வாசி ஒரே சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அந்தச் சுரங்கக்காரர்களோ வேறொரு துறைமுகத்துக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கடல் ஆழம்; பெரிய கப்பல் நிறைய ஏற்றிக்கொண்டு போகலாம். இங்கே தரை தட்டிவிடும் என்று கப்பல்கள் அரை வயிற்றோடு கிளம்பின. முதலில் கப்பல் வரும் வழியைத் தூர்வாருங்கள், தானியம், உரம் என்று வேறு சரக்கும் தேடுங்கள், இயந்திரம் இப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

“கிணத்துல தண்ணி இல்ல சார். ரெண்டாவது ராட்டினம் எதுக்கு?” என்றாள் இயக்குநரிடம்.

இயக்குநர் சிரித்தார். “நல்லா சொல்றீங்கம்மா. பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். அவள் வெளியூர் போயிருந்த நாளில் கேன்டீனில் தொழிலாளர்களைக் கூட்டி அறிக்கையை வாசித்தார். சுரங்கம் நம்மை விட்டுப் போகாது, இரண்டாவது இயந்திரம் வருகிறது, யார் வேலைக்கும் ஆபத்தில்லை. கீழே அவள் பெயர்.

ஊர் திரும்பிக் கைப்பையைக்கூட வைக்கவில்லை, தம்பி மலர்ந்த முகத்தோடு மாடிப்படியில் வந்து நின்றான்.

“அக்கா, அந்த ஆழத் துறைமுகத்துல என்னை மேற்பார்வையாளரா கூப்பிட்டிருந்தாங்க. உன்கிட்ட கேட்டா சங்கடப்படுவன்னு கேக்கல. உன் ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டினாங்கல்ல, அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“என் ரிப்போர்ட்டா? என்ன படிச்சாங்க?”

கேன்டீனில் கேட்டதை அவன் அப்படியே சொன்னான். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் அப்படி எழுதலடா” என்றாள்.

தம்பி இறங்கிப் போனான். அவன் மனைவிதான் கீழிருந்து கத்தினாள். “உங்க பேரைப் பாத்துத்தான் அண்ணி அவர் நம்பினாரு! வேற யார் பேரு இருந்தாலும் ஒரு தடவை யோசிச்சிருப்பாரு!”

மறுநாள் இயக்குநரின் அறைக்கதவை அவள் தட்டவில்லை; தள்ளித் திறந்து உள்ளே போய், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

“எடிட் பண்றது சகஜம்மா. தொழிலாளர்க மனசு தளரக்கூடாது. போர்டுக்கும் நெகடிவா கொடுக்க முடியாது.”

“எடிட்டா? நான் இல்லன்னு எழுதினதை இருக்குன்னு மாத்தினதுக்குப் பேரு எடிட்டா? பொய் சொல்லணும்னா உங்க பேர்ல சொல்லுங்க. என் பேரு உங்களுக்குக் கைக்குட்டையா?”

“கத்தாதீங்க. அடுத்த வாரம் உட்கார்ந்து பேசலாம்.”

அடுத்த வாரம் வரை காத்திருக்கும் பிறவி அவள் இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனுக்குப் போனாள். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். “நான் சொன்னது இது இல்ல. சுரங்கம் போகப்போகுதுன்னு எழுதினேன். மாத்திட்டாங்க. வெளியே வேலை கிடைச்சா, அந்த ரிப்போர்ட்ல என் பேரு இருக்குன்னு நம்பி யாரும் அதை விட்டுடாதீங்க.” தட்டுகளின் சத்தம் நின்றது. தம்பி கடைசி மேசையில் குனிந்த தலையோடு இருந்தான்.

ரகசியத்தை வெளியிட்டதாகச் சொல்லி அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். இயந்திரத்துக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். கப்பலில் அது வந்து இறங்குவதற்குள் சுரங்கத்தின் கடைசி ரயில் போய்விட்டது. அவள் பேச்சைக் கேட்டு முன்பே கிளம்பிய சிலர் தப்பினார்கள். மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இயக்குநர் அதற்குள் வேறொரு பெரிய கம்பெனியில் இன்னும் பெரிய நாற்காலியில் இருந்தார்.

தம்பி மறுபடி ஆழத் துறைமுகத்தில் கேட்டுப் பார்த்தான். மேற்பார்வையாளர் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். சாதாரண ஆபரேட்டராகச் சேர்ந்து மனைவியோடு அந்த ஊருக்கே போனான். கிளம்பும்போது அக்காவிடம் கோபமாகப் பேசவில்லை. அவள் அதையாவது எதிர்பார்த்திருந்தாள்.

அவளுக்குத் தானிய வியாபாரிகள் சங்கத்தில் வேலை கிடைத்தது. காலியாகக் கிடந்த துறைமுகத்தின் வழியாகத் தானியம் அனுப்ப முடியுமா என்று சங்கம் யோசித்தது. பேச்சுவார்த்தை துறைமுகத்தில், முன்பு அவள் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்த அதே கூட்ட அறையில். இப்போது மேசைக்கு எதிர்ப்புறம் அவள். புது நிர்வாகி அவள் எழுதிய மூல அறிக்கையைப் படித்திருந்தார்.

“நடந்தது நடந்துபோச்சு மேடம். பழசை மறந்துட்டு ஆரம்பிக்கலாமே?”

“உங்களுக்கு அது பழசு. வேலை போனவங்க இன்னும் இந்த ஊர்லதான் இருக்காங்க. ஏத்துற வேலைக்கு அவங்களை முதல்ல எடுக்கறதா எழுதிக் கொடுங்க. தூர்வாரவும் ஆரம்பிங்க. அப்புறம் தானியத்தைப் பத்திப் பேசலாம்.”

எழுதிக் கொடுத்தார்கள். முதல் தானியக் கப்பல் கிளம்பிய அன்று தம்பிக்குப் போன் செய்தாள். அவன் வேலையில் இருந்தான். தம்பி மனைவிதான் எடுத்தாள்.

“சாப்பிட்டீங்களா அண்ணி?” என்று கேட்டாள். கீழ்வீட்டைக் காலி செய்த பிறகு அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.