பிடிபட்ட ஆட்டோவில் சுரண்டிய துரு

துருவைப் போல அருவருப்பான பொருள் கிடையாது. விரலில் பட்டால் அந்த வாடை சோப்புப் போட்டாலும் போகாது. அதை அழகு என்று சொல்லும் கூட்டத்தில் நானும் இருந்தேன். நிஜ வண்டிகளைத் துரு உட்பட அச்சாகப் பொம்மை அளவில் செய்கிற நாங்கள் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் தி. நகரில் ஒருவர் வீட்டு ஹாலில் கூடுவோம். ஒருவர் செய்ததை மற்றவர் கையில் ஏந்தி, "துரு பிரமாதம் சார்" என்போம். எல்லாரும் சொந்த வீட்டு கேட்டில் ஒரு புள்ளி துரு தெரிந்தால் வாட்ச்மேனைத் திட்டுகிறவர்கள்.

நான் உள்ளங்கை அகல ஆட்டோ ஒன்று செய்துகொண்டிருந்தேன். பாட்டிலில் விற்கும் துரு நிறம் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருந்தது. நிஜத் துருவை டீ வடிகட்டியில் சலித்துப் பசைத் தண்ணீரில் ஒட்டினால்தான் சரிப்படும் என்று முடிவு செய்தேன்.

அடையாறில் அதற்குப் பஞ்சமில்லை. கடல்காற்று. ஒரு காவல் நிலையத்தின் சுவரோரம் பிடிபட்ட வண்டிகள் நிற்கும். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே ஓர் ஆட்டோவைத் தேர்ந்தெடுத்தேன். மாதம் ஒருமுறை பழைய கத்தியும் பவுடர் டப்பாவுமாகப் போய், குந்தி உட்கார்ந்து, அதன் தரைத் தகரத்தைச் சுரண்டுவேன். நல்ல பெயிண்டும் சேர்ந்து உரியும். அடுத்த மாதம் அங்கேயும் துரு வந்திருக்கும். எனக்கு அது சௌகரியம். ஒரு போலீஸ்காரரும் என்னவென்று கேட்டதில்லை.

நான்காவது முறை பின்னாலிருந்து ஒரு குரல். "சார், கோர்ட்லந்து வந்துகீறீங்களா?"

காக்கிச் சட்டை ஆட்டோக்காரர். வண்டி அவருடையது. சவாரி ஏறியவன் பையில் கஞ்சா இருந்ததாம், வண்டியையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். விடச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். வாய்தா மேல் வாய்தா. அதுவரை வாடகை வண்டி ஓட்டுகிறார். நான் வண்டியின் நிலைமையை எழுத வந்த அதிகாரி என்று நினைத்து, வாயைத் திறப்பதற்குள் டீ வாங்கிவந்துவிட்டார்.

"நல்லா எய்துங்க சார். இன்னொரு மய தாங்காது. தரை போச்சுன்னா வண்டி வந்தும் பிரயோஜனம் இல்ல."

டீயைக் குடித்தேன். குடித்துவிட்டுத்தான் சொன்னேன்: "நான் ஆபீசர் இல்லப்பா. பொம்மை ஆட்டோ செய்றேன். அதுல பூச நாலு மாசமா இதுலேர்ந்து துரு எடுக்கறேன்."

டப்பாவை வாங்கிப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா மயதான் துன்னுதுன்னு நெனச்சேன். நீயுந்தான் துன்னுக்கினு இருந்தியா நைனா?"

டப்பாவை என் கையில் திணித்தார்.

"சொரண்டின எடத்துல பெயிண்ட் அடிச்சுக் குடு."

மறுநாள் ரெட் ஆக்ஸைடு வாங்கிக்கொண்டு போனேன், இரும்பில் துரு ஏறாமல் இருக்க அடிக்கும் சிவப்புப் பூச்சு. மூடியைத் திறந்ததும் ஏட்டு வந்துவிட்டார்.

"யோவ், இன்னா பண்ற? கேஸ் ப்ராப்பர்ட்டி அது. கை வெச்சா உன் மேலயும் கேஸ்தான்."

"சுரண்டினப்ப யாரும் கேக்கலையே."

"சொரண்டினியா? எப்போ?"

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் என்னைத் தெருவுக்கு இழுத்துவந்தார். "வாய மூடு நைனா. நாலு மாசமா குந்திக்கினு சொரண்டின, எவனும் பாக்கல. அதே மாதிரி குந்திக்கினே அடி."

அடித்தேன். பெரிய பிரஷ் கண்ணில் படும் என்று, பொம்மைக்குத் தீட்டும் மெல்லிய பிரஷில், விரல் அகலம் விரல் அகலமாக ஐந்து நாள். ஏட்டு இரண்டு தடவை பக்கத்தில் கடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி அழிந்தால் இந்த ஊரில் யாருக்கும் கேள்வி இல்லை. காப்பாற்றப் போனால் சட்டம் வந்து நிற்கும். காறித் துப்பலாம் போலிருந்தது, ஆனால் துப்ப எனக்கு என்ன யோக்கியதை.

ஞாயிறு கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: "மீதி பொடி இருக்கா சார்?" அதற்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஐப்பசி மழை வந்தது. மனு மறுபடி தள்ளிப்போனது. போன வாரம் இரண்டு பேரும் சுவரோரம் நின்று பார்த்தோம். சிவப்புப் பூச்சைப் பிளந்துகொண்டு ஓரத்தில் துரு கிளம்பியிருந்தது. நான் பூசியதன் லட்சணம் அவ்வளவுதான்.

அவர் குனிந்து கட்டைவிரலால் தரையை அழுத்திப் பார்த்தார். தகரம் உள்ளே போகவில்லை.

"இன்னும் நிக்குது. வர்ற மாசம் வாய்தா கீது. இன்னொரு கோட்டு அடி நைனா."