மகனுக்கு விக் பொருத்தினேன், நலங்கை மறந்தேன்

என் மகன் தலையில் முதல் எண்ணெயை வைத்தது நான்தான்.

மலேசியாவில், ஈப்போவில் ஒரு சலூனில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறவள் நான். விக் வைத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு ஆணிடமும், எண்ணெயை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், விக்கை ஒட்டிய டேப் பிடி விட்டுப்போகும் என்று சொல்லித்தான் அனுப்புவேன். அப்படிப்பட்ட நான், சேகரின் கல்யாண நாள் காலையில், புந்தோங்கில் எங்கள் வீட்டு ஹாலில், அருகம்புல்லை நல்லெண்ணெயில் தோய்த்து அவன் உச்சியில் வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கண் கலங்கிவிட்டது. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, சின்ன வயதில் செய்ததுபோல் அழுத்தித் தேய்த்தேன். விரலுக்கடியில் விக் வலையின் ஓரம் தட்டுப்பட்டபோதுதான் நான் என்ன வேலை பார்க்கிறவள் என்பது நினைவுக்கு வந்தது.

நடந்து ஒரு வருடம் ஆகிறது. சலூன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஒட்டுவது சுலபம், கலப்பதுதான் வேலை

எங்கள் முதலாளி ஒரு சீன அம்மாள். தவ்கே என்று கூப்பிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் பெண்களுக்கு முடியைச் சுருட்டிப் பெர்ம் செய்வதுதான் முக்கிய வருமானம். விக் வைக்க வரும் ஆண்கள் முன்வாசலில் வரமாட்டார்கள்; பின்வாசலில் வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி முழிப்பார்கள்.

உச்சிக்கு மட்டும் வைக்கும் விக்கை நாங்கள் பீஸ் என்போம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதில் மூன்று ஆளுக்கான முடி இருக்கும். அப்படியே வைத்தால் பூனை ஏறிப் படுத்ததுபோல் இருக்கும். தலையில் வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அடர்த்தியைக் குறைக்கும் தின்னிங் கத்தரியால், உள்பக்கத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. பீஸில் வெட்டிய முடி திரும்ப வளராது.

நிறத்தை உச்சியோடு அல்ல, காதோரத்தோடு ஒப்பிட வேண்டும். பக்கத்து முடியை ஆறு வாரமாவது வளர்க்கச் சொல்ல வேண்டும். சொந்த முடி பீஸின் ஓரத்தின்மேல் படிந்து, இரண்டும் ஒரே சீப்பில் வந்தால்தான் பிளெண்டிங் சரி. பக்கத்தை ஒட்ட வெட்டிவிட்டால் படிக்கட்டு தெரியும்.

இன்னொன்று, தவ்கேவுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பீஸில் ஒரு சுழி இருக்கும். பின்னந்தலையில் சொந்தச் சுழி மிச்சமிருந்தால் இரட்டைச் சுழி ஆகிவிடும். நம் ஆட்களுக்கு இரட்டைச் சுழி என்றால் இரண்டு பெண்டாட்டி. கல்யாணமாகாத பையனை அப்படி அனுப்ப முடியுமா? இதற்காக நான் ஒரு பீஸைப் பிரித்து அரைநாள் மெனக்கெட்டதைப் பார்த்து, இந்தியர் தலையில் முடியைவிட நம்பிக்கை அதிகம் என்று தவ்கே சிரித்தார்.

2. என் வீட்டுத் தலை

என் வீட்டுக்காரர் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் முப்பதுக்குள் நேரடியாகத் தலையில் வெயில் வாங்கியவர்கள். சேகருக்கு இருபத்தைந்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஆபீஸில் பொத்தாக், வழுக்கையன், என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் புரிகிற சொல் என்பதால் மொட்டை என்பதைவிட அது அவனுக்கு அதிகமாக வலித்தது.

பாரிட் புந்தாரில் மாலதியைப் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் அவனே கேட்டான். நான் வைத்துவிட்டேன். என் கையிலேயே அதுதான் சிறந்த வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, வீட்டுக்காரரே வாசலில் பார்த்துவிட்டு யாரோ என்று நினைத்தார். பெண் வீட்டாருக்குப் பிடித்துப்போயிற்று.

நிச்சயத்துக்குப் பிறகு மூன்று முறை மாலதியிடம் சொல்லிவிடச் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும்மா, மெதுவா சொல்லிக்கலாம்" என்றான். நான்காவது முறை நான் கேட்கவில்லை. பெண் வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனைவிட எனக்குத்தான் அதிகம்.

3. நலங்கு

எனக்குப் பின்னால் மாலதியின் பெரியம்மா கிண்ணத்தோடு நின்றார். பெண் வீட்டார் இரண்டு தெரு தள்ளி ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். நலங்கு வைக்க அங்கிருந்து வந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர்.

"நெத்தியில மட்டும் தொட்டு வைங்க சம்பந்தி. அவனுக்கு சளி" என்றேன்.

"கல்யாணத்தன்னைக்கு என்னா சளி? நல்லா குளிர வச்சா எறங்கிரும்லா" என்று சொல்லிக்கொண்டே ஐந்து விரலையும் உச்சியில் வைத்துத் தேய்த்தார்.

வகிடு மெதுவாக இடது காதை நோக்கி நடக்க ஆரம்பித்தது. "அம்மா, நவுருது" என்றான் சேகர், உதடு அசையாமல்.

பெரியம்மாவின் கை நின்றது. முன்னோரம் தூக்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள், அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினார். "எண்ண கண்ணுல எறங்குது. புள்ள போயி குளிக்கட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு எங்களோடு அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மாலதிக்குத் தெரியுமா?"

தெரியாது என்றான்.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது. சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்து, ஸ்பிரிட்டால் தலையைத் துடைத்து, புது டேப் ஒட்டினால் முக்கால் மணியில் முடித்துவிடலாம். தாலி ஏறிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பெரியம்மாவிடம் கெஞ்சிக்கொண்டே என் வேலைப் பையைத் திறந்தேன். சேகர் என் கையைப் பிடித்தான்.

"வேணாம்மா. நான் போயி சொல்லிட்டு வாரேன்."

பீஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, துண்டோடு பெரியம்மாவுக்குப் பின்னால் போய்விட்டான்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. திரும்பத் தலைக்குப் போகுமா என்று தெரியாத அந்தப் பீஸை வெதுவெதுப்பான தண்ணீரில், கசக்காமல், சோப்பு நுரையில் மூன்று தடவை அலசினேன். துண்டில் ஒற்றினேன். வீட்டுக்காரர் வந்து, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். குளிக்கிறான் என்றேன். இவ்வளவு நேரமாகவா என்றார். முடி அதிகம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சேகர் வந்தபோது துண்டு தலையில் இல்லை, தோளில் கிடந்தது. நடந்ததைச் சொன்னான். பெரியம்மா அவனைப் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, மாலதியைக் கூப்பிட்டிருக்கிறார். இவன் துண்டை எடுத்துவிட்டுச் சொன்னதும் மாலதி அவன் தலையைப் பார்த்திருக்கிறாள். பிறகு கேட்டிருக்கிறாள்: "வேற என்னென்ன ஒட்டி வச்சிருக்கீங்க?"

ஒரு கடைவாய்ப்பல் கட்டியது என்று இவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் சடையைத் தூக்கிக் காட்டினாளாம்.

"இதுல பாதி சவுரி. ஆனா நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் இத வைக்கல."

ஜன்னலைச் சாத்தும் முன் அவள் சொன்னது இதுதான்: "இன்னைக்கு வச்சிக்கிட்டு வாங்க, சபை கூடியிருக்கு. நாளைக்கி காலையில எனக்கு அது வேணாம்."

அன்று நான் பொருத்தியதில் வகிடு ஒரு நூல் கோணல். தாலி கட்டி முடியும்வரை நான் மணவறையைப் பார்க்கவில்லை, அந்த வகிட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலதி நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் இருவரும் அந்தச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் தலை வெறுமையாக இருந்தது. அவள் என் கையில் காப்பியைக் கொடுத்து, அத்தை என்று முதல் முறையாகக் கூப்பிட்டாள்.

இப்போது விக் வைக்க ஆண் யாராவது வந்து உட்கார்ந்தால், சீப்பை எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். இந்தத் தலையில் எப்போது எண்ணெய் வைப்பார்கள்? வீட்டில் யாருக்குத் தெரியாது? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் கண்ணாடியைப் பார்ப்பவர்களை, சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். வந்த ஆளைத் துரத்துகிறாய் என்று தவ்கே திட்டுகிறார். ஆனால் அப்படிப் போனவர்களில் மூன்று பேர் மனைவியையும் கூட்டிக்கொண்டு முன்வாசலில் வந்தார்கள். வகிடு எங்கே எடுப்பது என்று அந்தப் பெண்களே சொல்லிவிடுவதால், வேலை சீக்கிரம் முடிகிறது.