எதிர் வீட்டுக் கிண்ணம்

மாமா எங்கள் வீட்டில் தங்குவாரா, ஊருக்கு ஓடிவிடுவாரா என்பது எனக்கு உயிர்ப் பிரச்சினை. அவர் அம்மாவின் கடைசித் தம்பி. ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முகப்பேரில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து இறங்கினார். நான் அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், அதுவரை பள்ளி விட்டதும் என்னை ஒரு டே கேரில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். அங்கே தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். மாமா வந்ததும் எனக்கு விடுதலை. அவர் போய்விட்டால் மறுபடியும் கண்ணை மூட வேண்டியதுதான்.

ஆனால் மனுஷர் போகிற மாதிரிதான் இருந்தார். பையைப் பிரிக்கவே இல்லை. காலையில் அதிலிருந்து ஒரு சட்டையை உருவுவார். துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்துவிடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டாராம். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, என்ன வேண்டும் என்றாராம். இதை மாமா அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். லிஃப்டில் வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் பிடிக்க வந்தவர் என்று நினைத்தோ என்னவோ, எல்லோரும் மாடி எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், எதிர் வீட்டில் யார் என்று கேட்டார். அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வராந்தாவில் அவர்கள் வைத்திருந்த செருப்பு ஸ்டாண்டின் ஆணியில் அம்மாவின் புடவை மாட்டிக் கிழிந்தது. அம்மா இரண்டு வார்த்தை சொன்னாள், எதிர் வீட்டு ஆன்ட்டி நாலு வார்த்தை சொன்னார். அத்தோடு இரண்டு கதவும் சாத்தியதுதான். அந்த ஆன்ட்டி இங்கே வயலாக இருந்த காலத்திலிருந்தே இந்த ஊர்க்காரர், வாயில் அம்மாவால் அவரை ஜெயிக்க முடியாது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட மாமா, நேரே போய் அந்த வீட்டு மணியை அடித்தார். கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி வந்து நின்றார்.

"இன்னாபா, யாரு நீ?"

"எதுத்த வீடுதாங்க்கா. ஒறமோரு கொஞ்சம் தாங்களேன்."

நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, உறை ஊற்ற ஃப்ரிட்ஜிலேயே தயிர் இருக்கிறது என்று கிசுகிசுத்தேன். "கெடக்கட்டும்ல" என்றார் மாமா. ஆன்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் கிண்ணத்தைக் கழுவி அவர்கள் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றேன். மாமா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதாவது, அவர்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கமே கிடையாதாம். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாயை அதில் நிரப்பிக் கொடுத்தார். அந்த ஆன்ட்டி சும்மா இருப்பாரா? அடுத்த நாள் அதே கிண்ணத்தில் மசால் வடை வந்தது. மாமா முறுக்கு வைத்து அனுப்பினார். நெத்திலித் தொக்கு வந்தது. அம்மா வருவதற்குள் தின்று முடித்து, கிண்ணத்தை என் புத்தகப் பைக்குள் ஒளித்துவிடுவோம். என் தமிழ்ப் புத்தகம் ஒரு வாரம் கருவாடாக மணத்தது.

மாமாவின் ஊர்ச் சரக்கு தீர்ந்தது. அடுத்து அம்மாவின் பருப்புப் பொடியில் கை வைத்தார். பொடி டப்பா இறங்கிக்கொண்டே போவதைக் கவனித்த அம்மா, என்னை நிற்க வைத்து, வெறும் பொடியையா அள்ளித் தின்கிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? இதற்குள் மாமா கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருந்தார். எந்த பஸ்ஸில் கூட்டம் இருக்காது, எங்கே பரோட்டா நன்றாக இருக்கும் என்றெல்லாம் ஆன்ட்டி அவருக்கு கிரில் வழியாகவே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் பையின் ஜிப் மட்டும் இன்னும் மூடியபடிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. அம்மாவே போய்க் கதவைத் திறந்தாள். வெளியே ஆன்ட்டி, கையில் வெறும் கிண்ணம்.

"தோ பாரும்மா, நீ ஒண்ணு குட்த்தனுப்புற, நான் ஒண்ணு குட்த்தனுப்புறேன். எனுக்கு இதுக்குன்னே ஆக்கி மாளல. சண்ட தீந்துச்சுன்னா நேரா வந்து சொல்லேன், இன்னாத்துக்கு இந்த சின்னப் புள்ளிங்கள அலைய வுட்டுகினு கீற?"

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா பையைப் பார்த்தார். நான் மனசுக்குள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். நான் எதையும் அனுப்பவில்லையே என்று அம்மா சொன்னால் போதும், கதை முடிந்தது.

அம்மா ஆன்ட்டி பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "பொடியில உப்பு சரியா இருந்துச்சா?"

"கொஞ்சம் தூக்கலாத்தான் கீது" என்றார் ஆன்ட்டி.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆன்ட்டியின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வேண்டாம்மா, வேண்டாம்மா என்று ஆன்ட்டி வாசலிலிருந்து கத்தியும் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கேசரியைக் கிண்ணத்தில் நிரப்பி, அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே எதிர் வீட்டுக்குள் போனாள்.

அன்று மத்தியானம் மாமா பையைப் பிரித்துத் துணிகளை என் அலமாரியில் அடுக்கினார். என் கார் பொம்மைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளியதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. டே கேர் ஒழிந்தது என்று கட்டில்மேல் குதித்தேன். ஆனால் பசி வயிற்றைக் கிள்ளியது, அம்மாவைக் காணோம். போய்ப் பார்த்தால், அந்த வீட்டுச் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஆன்ட்டியோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. வாம்மா என்று கையைப் பிடித்து இழுத்தேன். போடா, வர்றேன் என்றாள்; வரவில்லை. ஒரு கிண்ணத்தைக் கொடுக்க இவ்வளவு நேரமா என்று எனக்கு வந்ததே ஒரு கோபம். நான் பிறப்பதற்கு முன்பே இந்த ஊருக்குக் குடிவந்த அம்மா, அன்றைக்குத்தான் இங்கே வந்து சேர்ந்தாள் என்பது எனக்கு எங்கே தெரியும்?