உதடு அசையக் கூடாத தேர்வு

நண்பரே, அச்சம் இளையவர்களுக்கு உரியது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். நரைத்த பிறகு நம்மை அதட்ட யார் இருக்கிறார்? சென்ற மாதம் ஒரு முற்பகலில் என் மடிக்கணினியின் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று தோன்றும் வரை அந்த எண்ணம் நீடித்தது. "பேச்சு உணரப்பட்டது. முதல் எச்சரிக்கை" என்றது அது.

இணைய வழியில் வரலாற்றுப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ஏனாத்தூர்க் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் மாணவர்களை எங்கள் பிள்ளையார்பாளையத்து முனையிலிருந்து பார்த்தே வயதைக் கழித்தவனுக்குக் கல்லூரியே வீட்டுக்குள் வந்தது பெரும் வியப்பு. பேராசிரியர் என் காதுக்குள் பேசுகிறார். விளங்காவிட்டால் பின்னுக்கு இழுத்து மறுபடியும் பேச வைக்கலாம்; அவர் முகம் சுளிப்பதில்லை. தேர்வு நாளில் மட்டும் அந்தக் கணினியே காவலாளாக மாறிவிடுகிறது. அறையில் வேறு ஆளோ வேறு குரலோ கூடாது. தறியோசையும் ஆகாது என்பதால் என் மனைவி நெய்துகொண்டிருந்த முகூர்த்தப் புடவையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

"நீங்க பரீட்சை எழுத நான் வாய மூடிக்கினு அடுப்பங்கரையில ஒக்காரணும். நல்லா இருக்குதுங்க உங்க காலேஜு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எவரோடும் பேசவில்லை. கேள்வியைப் படித்தேன், அவ்வளவே. படிக்கும்போது என் உதடுகள் அசையும், முணுமுணுப்பும் எழும். அது குற்றமாகக் கொள்ளப்படும் என்று தெரிந்த கணத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு திரையருகே குனிந்தேன். சூடேறிய கணினியின் மணம், அந்நாளில் அஞ்சலில் வரும் பாடக் கட்டைப் பிரிக்கையில் எழும் மை மணத்தை நினைவூட்டியது. இரண்டுக்கும் ஒற்றுமை ஏதுமில்லை. நினைவு நியாயம் பார்ப்பதில்லை.

அந்தக் கட்டு ஏகாம்பரத்தின் பெயருக்கு வரும். இளமையில் நாங்கள் சிலர் ஒரே கூடத்தில் கூலிக்கு நெய்தோம். அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தவன் அவன் ஒருவனே. படித்தவர்களோ நாங்கள் அனைவரும். அவன் தறியை விட்டு எழுந்து நடுவில் நின்று உரக்க வாசிப்பான். தறிகளின் சத்தத்தில் காதில் விழுந்ததா என்று அறிய ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் நெய்பவர்கள் திருப்பிச் சொல்லவேண்டும். குரல் வராவிட்டால் அந்த வரி மறுபடியும் வாசிக்கப்படும்.

"பல்லவர் கால வேளாண்மைக்கு ஏரிகளே உயிர்நாடி" என்பான்.

"உயிர்நாடி" என்போம், கை நிற்காமல்.

"இன்னாடா, தூங்கிக்கினே நெய்யிறியா? சத்தமே வரல" என்று பெரும்பாலும் என்னைத்தான் அதட்டுவான்.

பள்ளியோடு நின்ற என் கல்வி அங்குதான் மறுபடியும் உயிர் பெற்றது. இந்த உரைநடையும் அந்தப் பாடங்களிலிருந்து பழகியதே. சற்று விறைத்து நின்றால் பொறுத்தருள்க.

தேர்வன்று அவனை மாப்பிள்ளை அழைப்புப் போல தேர்வு மண்டப வாசல் வரை கொண்டுபோய் விட்டோம். எதிர்க்கடைத் தேநீர் ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டான். கேள்வியை வாய்விட்டுப் படித்து, கடைசிச் சொல்லைத் தானே திருப்பியும் சொல்லியிருக்கிறான். பின்னால் இருப்பவனுக்கு விடை சொல்வதாக எண்ணிக் கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கிவிட்டார்.

"படிப்பு வரலன்னு அனுப்பியிருந்தா வந்திருப்பேன்பா. திருடன்னு இல்ல அனுப்பிட்டாங்க" என்றான்.

அதன்பின் வந்த பாடக் கட்டுகளை அவன் பிரிக்கவில்லை. இறக்கும் வரை செய்தித்தாளைக்கூட விரித்ததில்லை. தேர்வில் தோற்பது எனக்குப் பொருட்டன்று. ஏகாம்பரத்தைப் போல நானும் புத்தகத்தை மூடிவிடுவேனோ என்பதே அன்று என் அச்சம்.

அச்சத்தில் உதடு இன்னும் அதிகமாக அசைந்தது போலும். இரண்டாம் எச்சரிக்கை வந்தது. தொடர்ந்து, எங்கிருந்தோ தேர்வைக் கண்காணிக்கும் ஒரு பெண்ணின் குரல் கணினியில் கேட்டது: "சார், யார்கூட பேசறீங்க? ரூம சுத்திக் காட்டுங்க."

கணினியைத் தூக்கிச் சுற்றினேன்.

"தரையில அது என்ன சார் பள்ளம்? உள்ள யாராவது இருக்காங்களா?"

"தறிக்குழிம்மா. கால் தொங்கப் போட்டு நெய்யிற எடம். என் சம்சாரம் சமையல்கட்டுல இருக்காங்க."

"சரி சார். இன்னொரு வார்னிங் வந்தா எக்ஸாம் தானா க்ளோஸ் ஆயிடும். என் கையில எதுவும் இல்ல."

என் வேட்டியில் பட்டிழைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் எவர் உடையிலும் இருக்கும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால், முடிச்சுப் போடும் வரை அதில் ஒட்டப்போகும் துண்டிழையை உதட்டில் கவ்விக்கொள்வோம். வாய் திறந்தால் விழுந்துவிடும். அதை எடுத்துக் கவ்விக்கொண்டேன்.

"வாயில என்ன சார்?"

எடுத்துக் காட்டினேன். "நூலும்மா."

"நூலா? சரி, எழுதுங்க."

எழுதி முடித்தேன். மூன்றாம் எச்சரிக்கை வரவில்லை. எஞ்சிய தேர்வுகளுக்கும் இழையைக் கவ்வியபடியே படித்துப் பழகினேன். நேற்று முடிவு வந்தது; தேறிவிட்டேன்.

இன்று காலை அடுத்த பருவப் பாடத்தைத் திறந்து வைத்து அமர்ந்தேன். உதட்டில் இழை இல்லை. தறியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "இன்னாங்க, படிக்கலையா? சத்தமே வரல."

படித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கம் பாதி முடிந்திருந்தது. உதடுகள் அசையவே இல்லை. இத்தனை காலமும் நான் படித்த ஒவ்வொரு வரியையும் ஏகாம்பரம்தான் எனக்குள் வாசித்து வந்தான், இன்று அந்தக் குரல் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பதறிப்போய் முதல் வரிக்குத் திரும்பி உரக்க வாசித்தேன். கடைசிச் சொல்லில் நிறுத்திக் காத்திருந்தேன். தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.