ரேடியோ சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்

அந்தக் காலத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் ஹேமாம்புஜத்தைப் போல இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. படிப்பு என்னவோ பி.யு.சி. வரைதான். ஆனால் 'கெட்' என்ற ஒற்றை வினைச்சொல்லை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் பாதிக் குடித்தனம் நடத்திவிடலாம் என்பது அவள் கட்சி.

அமெரிக்கா எங்கிருந்து வந்தது என்றால், அவள் அண்ணா பாச்சா கொண்டுவந்தான். எழுபத்திரண்டாம் வருஷம் தை பிறந்த கையோடு, "ஹேமா, உனக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் சிகாகோவுல இன்ஜினீயர். பொண்ணுக்கு இங்கிலீஷ் சரளமா வரணுமாம். குமுதாவையும் பக்கத்துல வெச்சுண்டு பேசிப் பழகு" என்றான். முப்பதை எட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது போதாதா? தங்கை குமுதவல்லியைப் பிடித்து உட்கார்த்திவிட்டாள்.

வீடே பள்ளிக்கூடமாயிற்று. பாயைச் சுருட்டும்போது கெட் அப். கிணற்றடியில் கெட் மீ சம் வாட்டர். மாடிப்படியில் கெட் டவுன். மழையில் நனைந்தால் கெட் வெட், அப்பா முறைத்தால் கெட் ஆங்க்ரி, அவருக்கே ஜுரம் வந்தால் கெட் வெல். புரிந்ததா என்று கேட்பதற்கும் 'கெட் இட்?' தான். "ஒரே சொல்லு, எத்தனை வேலை செய்யறது பாரு, நம்மாத்துல என்னை மாதிரி" என்று சிரிப்பாள்.

குமுதா எதையும் ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வாள். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அவள் வாயில் நுழையவில்லை. 'மை சிஸ்டர் இஸ் கெட்டிங் மேரீட்.' சொல்லச் சொன்னால் இருமல் வரும், தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அக்கா கல்யாணமாகிப் போய்விடுவாளே என்ற ஏக்கமாக்கும் என்று ஹேமா தானும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அசடு.

மாசிக் கடைசியில், கூரத்தில் அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி பாச்சா அவளை பஸ் ஏற்றிவிட்டான். அங்கே அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன கேடு? உன்னை ரெண்டு நாள் இங்க வெச்சுக்கச் சொன்னான்" என்றவள், அப்புறம் ஹேமாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஹேமா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

வாசலில் டாக்ஸி நின்றது. கொல்லை வழியாகச் சமையலுள்ளுக்குள் நுழைந்தாள். கூடத்தில் ஓர் ஆண் குரல் இங்கிலீஷில் கேட்டது, இவ்வளவு நன்றாகப் பேச யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று.

"நோபடி. ஐ காட் இட் ஃப்ரம் தி ரேடியோ" என்றாள் குமுதா. வாக்கியத்தில் ஒரு பிழை கிடையாது.

காபி எடுக்க உள்ளே வந்தவள் அக்காவைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றாள் ஹேமா.

"முதல் நாளே தெரியும்க்கா. அவா என் ஃபோட்டோவைப் பார்த்துட்டுதான் கேட்டா. மூத்தவ ஒருத்தி கல்யாணமாகாம இருக்கான்னு சொன்னா தட்டிப்போயிடுமாம். உனக்குன்னு சொன்னாத்தான் நீ மனசு வெச்சுச் சொல்லிக் குடுப்பேன்னு அண்ணா..."

கூடப் பிறந்த இரண்டு பேரும் சேர்ந்து கழுத்தை அறுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பிள்ளையின் அம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "இது யாரும்மா?"

ஹேமா தங்கையின் முகத்தையே பார்த்தாள். அக்கா என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள்.

"எதிராத்து மாமி. காபி போட வந்திருக்கா" என்றாள் குமுதா.

"ஆமாம்" என்றாள் ஹேமா. தண்ணீர் மொண்டு அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே வெளியே போனாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. குமுதா சிகாகோ போனாள். அப்பாவுக்குக் கஞ்சி வைப்பதும் பாச்சாவின் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் ஹேமாவின் தலையில் விழுந்தன. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் ஓர் எழுத்துகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. தெருப் பெண்கள் வந்து கெஞ்சினால், கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்வாள்:

"கூடத்துல ரேடியோ இருக்கு. அதைக் கேளுங்கோ."