கருப்பசாமி மொழிபெயர்த்தது

கருப்பசாமிக்கு யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் பேச வராது. டெல்லி லோதி ரோடு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதியவர். 'கூடாது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதியே செக்‌ஷன் ஆபீசர் ஆனவர். கரோல் பாக்கில் அழுகின தக்காளியைத் தலையில் கட்டுகிற கடைக்காரனிடமும் "பையா, ஹோ சகே தோ...", அண்ணே, முடிஞ்சா... என்றுதான் இழுப்பார். "வீடு தீப்பிடிச்சாலும் தயவுசெஞ்சு அணைக்க முடியுமான்னுதான் கேப்பீங்க" என்பாள் மனைவி பூங்கோதை. கேலிதான். அந்த மார்ச் மாதம் வரை கேலியாகத்தான் இருந்தது.

காற்றாலைக்கு அனுமதி கொடுக்கும் அந்த அலுவலகத்துக்கு அவருடைய தேனிப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் ரயிலேறி வந்தார்கள். அவர்கள் ஊர் மலையில் ஏற்கெனவே வரிசையாகக் காற்றாலை நட்டாகிவிட்டது. றெக்கை ஏற்றிவரும் லாரிக்காக ரோடு வெட்டி, பாறைக்கு வெடி வைத்ததில் ஓர் ஊற்று செத்துப்போனது. இன்னும் நூறு காற்றாலை வரப்போகிற அடுத்த முகட்டில்தான் மிச்சமிருக்கும் ஒரே ஊற்று. அதுவும் போனால் ஊரையே காலி செய்ய வேண்டியதுதான்.

பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, வந்தவர்களுக்கு ஹிந்தி தெரியாது. கருப்பசாமியைக் கூப்பிட்டார்கள். நம்ம ஊர் ஆள் என்று தெரிந்ததும் வந்தவர்களுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

வார்டு மெம்பர் கோவிந்தம்மாள் நின்றுகொண்டே பேசினாள். "எங்களுக்கு இந்தக் காத்தாடி வேணாம் தம்பி. ஒரு ஊத்தைக் கொன்னுட்டாங்க. இன்னொன்னுல கை வச்சா ஊரோட லாரிக்கு முன்னாடி படுத்துருவோம். அப்படியே சொல்லு."

அப்படியே சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை. மேலதிகாரியிடம் போய் 'படுத்துருவோம்' என்பதா? வாய் தன் பாட்டுக்குப் பழகிய தடத்தில் போனது. குடிதண்ணீருக்கு ஏதாவது ஏற்பாடு செய்தால் நன்றாயிருக்கும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறார்கள் என ஹிந்தியில் சொல்லி முடித்தார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அச்சா! தோ மான் கயே?" ஒத்துக்கொண்டார்கள், அப்படித்தானே என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல அதுதான் சமயம். கருப்பசாமி தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல், நம் ஆட்கள் ஆட்டுவோமே, அந்த ஆட்டல். அதிகாரி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி கட்டித் தருவோம், மழை முடிந்ததும் காற்றாலை வேலை ஆரம்பம் என்றார்.

"என்ன சொல்றாரு தம்பி?"

ஐந்து பேரும் கருப்பசாமியின் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் தான் செய்த காரியம் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். கூசிக் குறுகி நின்றார்.

"யோசிச்சு நல்லது செய்றேங்கிறாரு."

கோவிந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா பிள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்னு சொல்லு தம்பி."

அதை மட்டும் கருப்பசாமி ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தார்.