நான் பேயைக் குடிவைத்த வீடு

குழந்தைகளுக்குப் பேய்க்கதை சிபாரிசு செய்வதை நான் ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன். மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில், ஒரு டெய்லர் கடைக்கு மேலே, வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் சின்ன நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்குமான பிள்ளைகள் அங்கே வந்து பாயில் உட்காருவார்கள். புதிதாக வந்த புத்தகங்களில் மாயம், மந்திரம், பேய், பேசும் பல்லி என்று எது இருந்தாலும் அதை நான் முதலில் படித்துவிடுவேன். பிறகு கதையைப் பாதிவரை சொல்லி, நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துவேன். மீதி வேண்டுமென்றால் புத்தகத்தை எடுத்துப் போக வேண்டும். பலகையில் புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் மிளகாய் வரைவேன். ஒரு மிளகாய் என்றால் லேசான பயம். மூன்று என்றால் அன்றைக்கு அம்மா பக்கத்தில்தான் படுக்கை.

இதில் எனக்குக் கர்வம் உண்டு. நிறையவே உண்டு. "நீதிக்கதை மாதிரி எதுவும் இல்லையா மேடம்?" என்று கேட்கும் அம்மாக்களிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். "ஏங்க, உங்க பையன் பொய் சொல்லாம இருக்கணும்னா நரியும் காக்காவும் வந்துதான் சொல்லணுமா? நீங்க சொல்லக் கூடாதா?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். அவர் அப்புறம் ரொம்ப நாள் வரவில்லை. கதையில் பயந்து பழகின குழந்தை வெளியே தைரியமாக இருக்கும் என்பது என் கட்சி. வீட்டில் என் கணவர் இந்த வாக்கியம் வரப்போகிறது என்று தெரிந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

இந்த ஆடி மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதுப் புத்தகம் வந்தது. கடற்கரையோரம் ஒரு பழைய குடியிருப்பு. உப்புக்காற்றில் சுவர் பொரிந்து உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிகிறது. மாடிப்படி வளைவில், மீன் வாடையோடு ஒரு பேய். எதிரே உயரமான அபார்ட்மெண்டில் இருக்கும் மூன்று பிள்ளைகள் தொலைந்துபோன நண்பனைத் தேடி உள்ளே போகிறார்கள். ஒரே மூச்சில் படித்தேன். பனி, கோட்டை, குதிரை வண்டி என்று இல்லாமல் நம் வெயிலில் வேர்க்கிற ஒரு பேய் கடைசியில் வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். யோசிக்காமல் மூன்று மிளகாய் போட்டேன்.

புத்தகத்தில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. அதை எழுதியவர் அந்த அளவுக்குப் பொறுப்போடுதான் இருந்திருக்கிறார். பெயர் வைத்தது நான். நாக்கில் சனி உட்கார்ந்தால் இப்படித்தான். பாயில் இருந்தவர்களின் கண்கள் விரிய வேண்டும் என்ற ஆசையில், "பட்டினப்பாக்கம் பக்கம் பஸ்ல போயிருக்கீங்க இல்ல? ஜன்னல் வழியா பழைய குவார்ட்டர்ஸ் தெரியும் பாருங்க. அச்சு அசல் அதே மாதிரி!" என்றேன்.

பாய் முழுக்க "ஊ..." என்று ஒரு சத்தம். அது அடங்கும்போதுதான் முதல் வரிசையில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் அந்தக் குவார்ட்டர்ஸ் பிள்ளை. அம்மா மீன் கடை போடுகிறவர். பள்ளிக்கூடம் இங்கே மயிலாப்பூரில். மற்ற பிள்ளைகள் எல்லாம் என்னை "ஆன்ட்டி" என்பார்கள். இவள் மட்டும் "அக்கா". வேகமாகப் படிப்பாள், படித்ததை வரி விடாமல் ஒப்பிப்பாள். அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கதை சொல்லும் ஜோரில் அவளை மறந்திருந்தேன்.

சமாளிக்கப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. "நீ அங்கதானே இருக்கே? நீயே சொல்லேன், உங்க பில்டிங்ல பேய் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே அவளிடம் கேட்டேன். எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பேய் கீதுக்கா," என்றாள். "மூணாவது மாடில, தண்ணி டேங்காண்ட."

அதன்பிறகு சில வாரம் அவள்தான் ராணி. நான் வருவதற்கு முன்பே பாயில் அவளைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். பேய்க்குக் கொலுசு வந்தது, ஒரு கண் போனது, அமாவாசைக்குக் கருவாடு கேட்டது. நானும் கேட்டு ரசித்தேன். அவளுக்கு நான்தான் இடம் பிடித்துக் கொடுத்தேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி பிறந்தது. ஒரு சனிக்கிழமை, கதை முடிந்ததும் அவள் எழுந்து நின்றாள். மறுநாள் தங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், எல்லாரும் வர வேண்டும், கோயிலில் கூழ் குடித்துவிட்டு வீட்டில் சாப்பாடு, அம்மா சொல்லச் சொன்னாங்க என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: "உங்க வீட்டுக்கா? அந்தப் பில்டிங்குக்கா?"

"அய்யே, அது சும்மா சொன்னது. பேயெல்லாம் ஒண்ணியும் கிடையாது."

"ஆன்ட்டியே இருக்குன்னாங்களே."

அவள் என் பக்கம் வந்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவாங்க."

சொன்னேன். பேயே இல்லை, எல்லாம் கதை, நானும் வருகிறேன் என்றேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இத்தனை வாரம் பேய் நிஜம் என்று அவர்கள் நம்பும்படி குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டிப் பேசியவள் நான். இப்போது சாதாரணக் குரலில் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

வீட்டுக்கு வந்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டேன். பதிலுக்குக் கட்டை விரல் படங்கள் வந்தன. பிறகு ஒவ்வொருவராகத் தனியாகச் சொன்னார்கள். ஒருவருக்குக் கல்யாணம். ஒருவர் பையனுக்கு வயிறு சரியில்லை. ஒரு அம்மா குரல் செய்தி அனுப்பினார்: "தப்பா எடுத்துக்காதீங்கோ. நீங்க அந்தக் கதை சொன்னதுலேர்ந்து இவன் ராத்திரி எழுந்து உக்காந்துண்டு அழறான். அந்த எடத்துக்கே கூட்டிண்டு போனா ஜுரம் வந்துடும்." எத்தனை பேர் நிஜமாகப் பயந்தார்கள், எத்தனை பேருக்கு என் பேய் வசதியாகப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: அந்தப் பக்கம் போகாமல் இருக்க அவர்களுக்கு நாகரிகமான ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை எழுதிக் கொடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு, வேப்பிலைத் தோரணம், வெயில். அவள் கீழேயே காத்துக்கொண்டிருந்தாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "லேட்டா வருவாங்களாக்கா?" என்றாள். "பார்ப்போம்" என்றேன். படியேறும்போது வளைவில் லேசான இருட்டு. பாதி ஏறியபிறகுதான் என் புடவைக் கொசுவத்தைக் கையால் தூக்கிப் பிடித்திருப்பது எனக்கே தெரிந்தது. படியில் ஈரமும் இல்லை, அழுக்கும் இல்லை. காலையில் கழுவிக் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். கையை விட்டேன். முன்னால் ஏறிக்கொண்டிருந்தவள் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

வீட்டில் பாய் விரித்திருந்தது. அது போதாதென்று அக்கம்பக்கத்தில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. அடுப்பங்கரையில் பெரிய பாத்திரத்தில் கூழ். "சைவப் புள்ளைங்களும் வரும்னு சொன்னா மேடம். அதான் கருவாட்டுக் கொழம்ப பக்கத்து வீட்ல வெச்சிட்டேன்," என்றார் அவள் அம்மா. முருங்கைக்கீரை, மாங்காய், வெங்காயம், பொரித்த அப்பளம் எல்லாம் மூடி வைத்திருந்தது. மீன் வாடை வரக் கூடாதென்று ஊதுபத்தி வேறு ஏற்றியிருந்தார். பெண் வெளி வராந்தாவில் நின்று, தெருவில் திரும்பும் ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தது. அம்மா எனக்கு மட்டும் சொம்பில் கூழ் ஊற்றிக் கொடுத்தார். "புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சு மேடம்? ஒண்ணு கூட வரல?"

அப்போதாவது நேராகச் சொல்லியிருக்கலாம். "குழந்தைகள் கொஞ்சம் பயந்துட்டாங்க. இங்க பேய் இருக்குன்னு ஒரு பேச்சு..." என்று இழுத்தேன்.

"பேயா? எவ சொன்னா?"

வராந்தாவிலிருந்து அவள் உள்ளே வந்தாள். "நான்தாம்மா. சும்மாங்காட்டியும் சொன்னேன்."

அம்மா அவள் தலையில் ஒரு போடு போட்டார். "ஏன்டி, குடியிருக்கற வீட்டப் பத்தி இப்படி சொல்லிக்கினு திரிஞ்சா எவன்டி வருவான்? இன்னாத்துக்குடி சொன்ன? ம்? மேடம் முன்னாடி மானத்த வாங்கறியே!"

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கும் பார்வை இல்லை அது. ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். 'அவ இல்லைங்க, முதல்ல சொன்னது நான்' என்பது எவ்வளவு சின்ன வாக்கியம்! வருஷக் கணக்கில் பேய்க்கதை சொல்லி, தைரியம் தைரியம் என்று ஊருக்கு உபதேசம் செய்தவள் நான். அந்த அம்மாவின் முகத்துக்குப் பயந்து சொம்பைத் தூக்கிக் குடித்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர்கள் உப்பைத் தின்றுகொண்டே அவர்கள் பெண் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அம்மா ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கூழ் கொடுத்தார். "வரலன்னா இன்னா மேடம், சின்னப் புள்ளைங்கதானே. நீங்களே அதுங்களுக்குக் குடுத்துருங்க." வாங்கிக்கொண்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை. எந்த வீட்டுக் கதவைத் தட்டி, என்னவென்று சொல்லிக் கொடுப்பது? ஃப்ரிட்ஜில் வைத்தேன். பிறகு கணவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கொட்டினேன். தூக்கைத் தேய்த்து, வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே கொஞ்சம் கற்கண்டு போட்டேன். சம்பிரதாயத்தில் மட்டும் குறை வைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரக் கூடாது என்றுகூட உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். வந்தாள். எல்லாருக்கும் முன்னால் வந்தாள். தூக்கை வாங்கிக்கொண்டு, "அம்மா கேக்கச் சொன்னாங்க, புள்ளைங்களுக்குக் கூழு புடிச்சிதான்னு," என்றாள்.

அலமாரியில் ஏதோ புத்தகத்தை நேராக்கினேன்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "புடிச்சிதுன்னு சொல்லிடறேன்க்கா," என்றாள்.

இரண்டாவது முறையாக என்னைக் காப்பாற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அலமாரிப் பக்கம் வந்து நின்றாள். தனக்கு ஒரு கதை வேண்டும் என்றாள். என்ன மாதிரிக் கதை என்று கேட்டேன். அந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும்.

"பேய்க்கதைதான். ஆனா பேய் எங்க வீடு மாதிரி வீட்ல இருக்கக் கூடாது. பெரிய பங்களால, எங்கனா தள்ளி இருக்கணும். பசங்க எல்லாம் பயந்து ஓடியாந்து, எங்க வீடு மாதிரி ஒரு வீட்டுக்குள்ள பூந்துக்கணும். அந்த வீட்டு அம்மா கதவ சாத்திட்டு அவங்களுக்கு சாப்பாடு போடணும். அப்படி."

தேடினேன். அலமாரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நான் படித்து, நான் தேர்ந்தெடுத்து, நான் மிளகாய் போட்ட புத்தகங்கள். அவள் வீடு மாதிரி வீடு சிலவற்றில் வருகிறது. அங்கே பேய் இருக்கிறது, அல்லது திருடன், அல்லது வெள்ளம். யாரோ வெளியிலிருந்து வந்து அங்கிருப்பவர்களைக் காப்பாற்றுகிறார்கள். பயந்தவர்கள் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் வீடாக அது ஒன்றில்கூட இல்லை. இத்தனை வருஷமாகப் படிக்கிறேன், அதை நான் கவனித்ததுகூட இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடுவதுபோல் பாவனை செய்தேன். படியில் மற்ற பிள்ளைகள் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"இல்லைம்மா," என்றேன்.

அவள் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இம்மாம் புக்கு கீது. ஒண்ணு கூடவாக்கா இல்ல?"